ஓரம் வெட்டிய படம்

முதலாவது, 1969. பதினேழு வயதில் தோல் பதனிடும் ஷாப்பில் என்னைச் சுண்ணாம்புக் குழியில் இறக்கினார்கள். கைக்கு உறை தரவில்லை. செய்தவர்: மேஸ்திரி தேவசகாயம். இரண்டாவது, 1973. பத்து விரலும் வெந்து உரிந்தபோது அதைச் சொறி என்று எழுதி லீவை வெட்டினார்கள். செய்தவர்: கம்பெனி டாக்டர் ரங்கநாதன். மூன்றாவது, 1976. எட்டு மணி நேர வேலைக்கு ஒப்புக்கொண்ட பிறகும் கடிகாரத்தைத் தினமும் இருபது நிமிடம் பின்னால் தள்ளி வைத்தார்கள். செய்தவர்: டைம்கீப்பர் வரதன். நான்காவது, 1987, மார்ச் ஒன்பது. வேலைநிறுத்தம் முடிந்து உள்ளே போனவர்களில் நாற்பத்து மூன்று பேரைப் பெயர் சொல்லிக் கேட்டிலேயே நிறுத்தி வேலையிலிருந்து நீக்கினார்கள். பட்டியலை நம்மில் ஒருவர்தான் கொடுத்திருக்க வேண்டும். செய்தவர்: இன்றுவரை தெரியவில்லை. ஐந்தாவது, 1996. ஷாப்பை மூடினார்கள், மூடுகிறோம் என்று ஒரு வாய்வார்த்தை சொல்லாமல். செய்தவர்: முதலாளியின் மூத்த மகன். ஆறாவது, 2009. முப்பது வருடம் சங்கத்தைச் சுமந்தவனைக் கௌரவ ஆலோசகர் ஆக்கி மாலை போட்டு ஓரத்தில் உட்கார வைத்தார்கள். செய்தவர்கள்: என் தோழர்கள், பெயர்கள் இணைப்பில். ஏழாவது, இந்த வருடம், பிப்ரவரி இருபத்தேழு, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டே கால் மணி. நாற்பத்து மூன்று பேரில் ஒருத்தியான சவரியம்மாள், டோக்கன் எண்பத்தேழு, கருங்காலி என்று பதினோரு வாட்ஸ்அப் குழுக்களுக்குப் படத்தோடு அனுப்பப்பட்டது. செய்தவர்:

பேனா நிற்கிறது. வருடா வருடம் சொல்கிற அநியாயப் பட்டியல், இதுவரை தடையில்லாமல் வந்தது. அநியாயத்தைத் தேதி வரிசையில் எழுத வேண்டும், ஒவ்வொன்றுக்கும் செய்தவர் பெயரைப் போட வேண்டும், பெயர் இல்லாத குற்றச்சாட்டு வெறும் புலம்பல். இதை எனக்கு எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித் தரவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். கேட்டில் கையில் திணித்த துண்டறிக்கைகளை எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்து, பிறகு நானே எழுதத் தொடங்கியவன். ஒரு டீ ஆறுவதற்குள் ஒரு துண்டறிக்கை முடித்திருக்கிறேன். டீ. அதை இப்போது நினைக்க வேண்டாம். மணி நாலு பத்து. ஐந்து மணிக்கு எல்லோரும் வந்துவிடுவார்கள். வருடா வருடம் மார்ச் ஒன்பதாம் தேதி, பழைய ஷிப்டு மாறும் நேரமான ஐந்து மணிக்கு, இந்தச் சங்க அறையில் நாற்பத்து மூன்று பெயர்களையும் டோக்கன் வரிசைப்படி சத்தமாக வாசிப்போம். வாசிப்பவன் நான். கௌரவ ஆலோசகருக்கு மிச்சமிருக்கும் ஒரே வேலை அது. செயலாளர் இலியாஸ் மதியம் தந்த தாள் மேசைமேல் இருக்கிறது, புதிதாகத் தட்டச்சு செய்தது. எண்ணிப் பார்த்தேன், நாற்பத்திரண்டு. மறுபடி எண்ணினேன். எண்பத்தொன்றுக்கு அடுத்தது தொண்ணூறு. "என்ன இலியாசு, எண்பத்தேழ காணோம்" என்றேன். "அண்ணே, நீங்கதான அனுப்புனீங்க? படத்தப் பாத்துட்டுக் கமிட்டியில எல்லாரும் கொதிச்சுப் போயிட்டாங்க. செத்துப்போனவங்க பேரோட அந்தம்மா பேரச் சேத்துப் படிக்கணுமான்னு கேக்குறாங்க. எடுத்தாச்சு" என்றான். நான் வாயைத் திறந்தேன். திறந்த வாயில் வந்தது, "கொடிக்கயிறு பழசாயிருச்சே, பாத்தியா?" அவன் கயிறு வாங்கப் போய்விட்டான், பீரோ சாவியையும் பையில் போட்டுக்கொண்டு. பீரோவுக்குள் என் போன் இருக்கிறது. நானேதான் வைக்கச் சொன்னேன்.

வலது கை சட்டைப் பைக்குப் போகிறது. பை காலி. திரும்பி வருகிறது. இது ஆறாவது தடவையா, ஏழாவது தடவையா, எண்ணத் தொடங்கியவன் எண்ணுவதை விட்டுவிட்டேன். நாகல் நகரில் இ-சேவை மையம் வைத்திருக்கும் சுகந்திதான் சொன்னாள், ஐம்பது வயதிருக்கும், மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு கம்ப்யூட்டரைப் பார்க்காமலே தட்டுபவள். "ஐயா, ஒரு வேலை செய்யணும்னா ஒரு மணி நேரம் இத கண்ணுல படாத எடத்துல வச்சுருங்க. பக்கத்துல கவுத்து வச்சாலும் மனசு அதுமேலதான் இருக்கும். பூட்டுங்க. சாவிய இன்னொருத்தர்ட்ட குடுங்க." பிறகு என் போனை வாங்கி எங்கேயோ உள்ளே போய் ஒரு கணக்கைக் காட்டினாள், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் இதைப் பார்க்கிறேன் என்று. எட்டு மணி நேரம் பன்னிரண்டு நிமிடம். "சராசரிங்கய்யா இது. ஞாயித்துக்கெழம இன்னும் கூட." எட்டு மணி நேரம். எந்த எட்டு மணி நேரத்துக்காக 1976-இல் பத்தொன்பது நாள் வெயிலில் உட்கார்ந்தேனோ, போலீஸ் லத்தி இந்த இடது தோளில் விழுந்ததோ, அந்த எட்டு மணி நேரத்தை நானே முழுசாகக் கொண்டுபோய் ஒரு உள்ளங்கை அகலக் கண்ணாடியில் கொட்டியிருக்கிறேன், மேலே பன்னிரண்டு நிமிடம் ஓவர்டைம். கேட்பார் இல்லை. மேஸ்திரி இல்லை, டைம்கீப்பர் இல்லை, சங்கு ஊதவில்லை. யாரும் நிற்க வைக்காமல் நானே நின்றிருக்கிறேன். அந்தச் சுண்ணாம்புக் குழியிலாவது சாப்பாட்டு நேரம் இருந்தது. இதில் சோற்றைப் பிசைந்துகொண்டே, கழிப்பறையில் குந்திக்கொண்டே. லூர்து, என் மனைவி, ஒருநாள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். "குழம்பு ஊத்தலன்னு கூடத் தெரியாமத் திங்கிற. யாருக்கு வைக்கிறேன் நான் இத?" கட்டைவிரல் மரத்துப் போகிறது, பின்கழுத்து இரும்பாக இருக்கிறது, டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு வயசு என்றார். இந்த டாக்டரும் சொறி என்று எழுதுகிற டாக்டர்தான்.

பீரோவுக்குள் உர்ர்ர் என்கிறது. சத்தத்தை அணைத்துவிட்டாள் சுகந்தி, நடுக்கத்தை அணைக்கவில்லை போலிருக்கிறது. இரும்புத் தட்டில் அது நடுங்கும்போது தூரத்தில் தோல் டிரம் சுற்றுகிற மாதிரி இருக்கிறது, அந்தப் பெரிய மரப் பீப்பாய், உள்ளே நீலத் தண்ணீரில் தோல்கள் புரண்டு புரண்டு விழும். யாராக இருக்கும்? காலை வணக்கம் அனுப்பும் ரயில்வே துரைப்பாண்டி நாலு மணிக்கு அனுப்ப மாட்டார். பப்பாளி இலைச் சாறு குடித்தால் ரத்தத்தில் அணு கூடும். வரும் அமாவாசையன்று ஐந்து கிரகம் ஒரே கோட்டில். இந்தக் குழந்தையைக் காணவில்லை, வடமதுரை பேருந்து நிலையத்தில் கடைசியாகப் பார்த்தது, பார்த்தால் சொல்லவும், அந்தக் குழந்தைக்கு இப்போது கல்யாணமே ஆகியிருக்கும், ஒன்பது வருடமாகக் காணாமல் போய்க்கொண்டே இருக்கிறது, நானே நாலு தடவை அனுப்பியிருக்கிறேன். ஒரு நினைப்பு முழுதாக நிற்பதில்லை. முன்பு ஒரு நினைப்பைப் பிடித்தால் கடைசிவரை இழுப்பேன், தோலைப் பலகையில் போட்டுக் கொழுப்பு சுரண்டுகிற மாதிரி, மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பு. இப்போது பாதி இழுப்பதற்குள் அடுத்த தோல் வந்து விழுகிறது. செய்தவர், முற்றுப்புள்ளி இரண்டு. அதற்கு மேல் எழுது. எழுது சந்தியாகு. கொடிக்கயிறு நைலானில் வாங்குவானா, நூலில் வாங்குவானா?

அந்தச் செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது? வரிசையாகச் சொல்ல வேண்டும். சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்தேன். பழைய திண்டுக்கல் நினைவுகள் என்று ஒரு குழு, யாரோ தொழிற்சாலைப் படங்கள் என்று ஒரு கட்டு அனுப்பியிருந்தார்கள். நாலு படம் நாலு சதுரமாகத் தெரிந்தது, ஜன்னல் சட்டம் மாதிரி. மூன்றாவது சதுரத்தில் சவரியம்மாள். முதலாளிக்கு எதிரே நிற்கிறாள், கையில் ஒரு தாளை நீட்டுகிறாள், சிரிக்கிறாள். பல் தெரிய. முதலாளியும் சிரிக்கிறார். கீழே எந்த வருடம் என்று இல்லை. எனக்கு வருடம் தேவைப்படவில்லை. தாள் என்றால் பட்டியல். பட்டியல் என்றால் எண்பத்தேழு. முப்பத்தேழு வருடமாகப் பெயர் போடாமல் வைத்திருந்த அந்த நான்காவது இடம், அதற்கு ஒரு முகம் கிடைத்துவிட்டது என்று நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் எனக்கே கேட்டது. கோபம் இல்லை அது. இப்போது யோசித்தால் சந்தோஷம். திரையில் மூன்று விரலை வைத்துக் கீழே இழுத்தால் தெரிவதை அப்படியே படமாகப் பிடித்துக்கொள்ளும், அது எனக்குத் தெரியும், என் வயதில் தெரிந்தவர்கள் குறைவு, அதில் எனக்குப் பெருமை உண்டு. இழுத்தேன். அந்தச் சதுரத்தை மட்டும் நறுக்கினேன். மேலே எழுதினேன்: "நாற்பத்து மூன்று குடும்பத்தின் வயிற்றில் அடித்த கருங்காலியைப் பாருங்கள். முதலாளி வீட்டு டீயை வாங்கிக் குடித்தவள். இவண், சந்தியாகு." இவண் என்று போட்டேன். துண்டறிக்கைப் பழக்கம். அனுப்பு, அனுப்பு, அனுப்பு, பதினோரு தடவை. அவளும் அந்த நாற்பத்து மூன்றில் ஒருத்தி, அவளையும்தான் துரத்தினார்கள், அதற்குப் பின்னால் எட்டு வருடம் அவள் கல்லுடைக்கப் போனாள் என்பது ஞாபகத்துக்கு வந்ததா? வந்தது. வந்தபோதே, கண்துடைப்புக்குத் தன்னையும் சேர்த்துக் கொடுத்திருப்பாள் என்று இன்னொரு நினைப்பும் வந்தது. அது நன்றாக இருந்தது. அதை நம்பினேன். முன்பெல்லாம் துண்டறிக்கையை எழுதி, அச்சகத்தில் கொடுத்து, மறுநாள் மெய்ப்பு பார்த்து, மை காய்வதற்குள் இரண்டு இரவு போயிருக்கும். இரண்டு இரவில் பாதிக் கோபம் காய்ந்துவிடும், மிச்சம் இருப்பதுதான் உண்மைக் கோபம். இதில் காயவே விடுவதில்லை. நாலு நிமிடத்தில் கட்டைவிரல் உயர்த்திய பொம்மை முப்பது வந்தது. சபாஷ் தோழர். சிங்கம் கிளம்பிருச்சு. பதினைந்து வருடமாக என்னை யாரும் சிங்கம் என்று சொல்லவில்லை.

மூன்றாம் நாள் ஜெசிந்தா வந்தாள், சவரியம்மாளின் மகள், ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பிரிவில் வேலை. வாசலிலேயே நின்றாள். "மாமா, அம்மா நாலு நாளா பூசைக்குப் போகல. ரேஷன் கடையில வச்சு, என்ன சவரியம்மா, மொதலாளி டீ எப்படி இருந்துச்சு, சக்கர போதுமான்னு கேட்டு வரிசையே சிரிச்சிருக்கு. அதுட்ட பட்டன் போனுதான் இருக்கு, அதுக்கு ஒண்ணுமே புரியல. யார் அனுப்புனதுன்னு எனக்குத் தெரியும். நீங்க சொல்லுங்க." மூன்றாம் நாளா நான்காம் நாளா? அவள் நாலு நாளாக என்றாள், அப்படியானால் நான்காம் நாள், அல்லது அவள் கோபத்தில் ஒரு நாள் கூட்டிச் சொன்னாள். இல்லை, அவள் வருவதற்கு முன்பு போன் செய்தாள், அன்றைக்கு முதல் நாளே, புதன்கிழமை, "மாமா நீங்களா அது" என்று மட்டும் கேட்டாள், நான் "எது?" என்று கேட்டு வைத்துவிட்டேன். வைத்தவுடன் அதை அழிக்கப் பார்த்தேன். அதையும் சொல்ல வேண்டும். படத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு வரி வந்தது, அனைவருக்கும் நீக்கு, எனக்கு மட்டும் நீக்கு. அவசரம், சுண்ணாம்பு தின்ற விரல், எதைத் தொட்டது என்று பார்க்கவில்லை. படம் மறைந்தது. பதினோரு குழுவிலும் அதேபோல் செய்தேன், அதே இடத்தில் தொட்டு. எல்லாம் சுத்தம். நிம்மதியாகத் தூங்கினேன். அதனால்தான் ஜெசிந்தாவிடம், "நானா? இந்தா பாரு, என் போன்ல இருக்கான்னு நீயே பாரு" என்று நீட்டினேன். எழுபத்திரண்டு வயதில், கேட்டில் நின்று முதலாளியின் பொய்யை உடைத்தவன், நீட்டினேன். அவள் அதை வாங்கவில்லை. தன் போனை எடுத்து என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். "உங்க போன்ல இல்ல மாமா. ஊரு போன்லெல்லாம் இருக்கு. இவண் சந்தியாகுன்னு இருக்கே, அது எந்தச் சந்தியாகு?"

மறுபடி உர்ர்ர். இரண்டு தடவை. கீழே சைக்கிள் கடையில் காற்றடிக்கிறார்கள், புஸ் புஸ் என்று. மணி நாலரை.

அதற்குப் பிறகுதான் சுகந்தியிடம் போனேன். ஊர் போன்களிலிருந்து அழிக்க வழி உண்டா என்று கேட்க. கூச்சமாக இருந்தது, ஆயுள் சான்று எடுக்க வந்த மாதிரி வரிசையில் உட்கார்ந்தேன், அந்தச் சான்றுக்குக்கூட என் விரலைக் கருவி ஏற்காது, ரேகை இல்லை, சுண்ணாம்புக் குழியில் போய்விட்டது, கண்ணைக் காட்டித்தான் உயிரோடு இருக்கிறேன் என்று நிரூபிக்க வேண்டும். சுகந்தி கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள். "நேரம் தாண்டிருச்சுய்யா. முதல்ல செஞ்சிருந்தா எல்லார்ட்ட இருந்தும் போயிருக்கும். நீங்க உங்களுக்கு மட்டும் அழிச்சிருக்கீங்க." பிறகு, "எந்தப் படம்னு பாப்போமா? மூலம் எங்க வந்துச்சு?" என்று பழைய நினைவுகள் குழுவைத் திறந்தாள். நாலு சதுரம். "இதத் தொட்டுப் பாத்தீங்களா?" "பாத்தேனே." "இல்லய்யா, தொட்டு. நாலு படமாச் சேந்து வந்தா ஓரத்தையெல்லாம் வெட்டித்தான் காட்டும். தொட்டாத்தான் முழுசும் வரும்." தொட்டாள். படம் இரண்டு பக்கமும் விரிந்தது, கதவு திறந்த மாதிரி. வலது பக்கம் சுவரில் காலண்டர், 1981. இடது பக்கம் அட்டைப் பெட்டிகள், அதில் ஒன்று திறந்திருக்கிறது, அதிலிருந்து ரப்பர் கையுறைகள் தொங்குகின்றன, நீள நீளமாக. கையுறைகளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள். அடர்த்தியான தலைமுடி, சட்டையில் மேல் பொத்தான் இல்லை, வாயெல்லாம் பல். கையில் கண்ணாடி கிளாஸ். கிளாஸில் டீ. "ஐயா, இது நீங்களா? முடி எம்புட்டு!" என்று சிரித்தாள் சுகந்தி. என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள், மருந்துச் சீட்டு மாதிரி. படத்தைத் தொட்டு முழுசாகப் பார்க்கவும். தேதி தேடவும். அனுப்பும் முன் எழுந்து ஒரு சொம்பு தண்ணீர் குடிக்கவும். திரையைக் கறுப்பு வெள்ளையாகவே வைத்திருக்கவும், நிறம் இல்லாவிட்டால் கை குறையும். சாப்பிடும்போது வேறு அறையில். பதினோரு குழுவில் எட்டை விட்டு வெளியேறவும். நான் வாழ்நாள் முழுக்க முதலாளியிடம் கோரிக்கைப் பட்டியல் கொடுத்தவன். எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

கையுறை. 1981. நாங்கள் ஜெயித்தோம். அன்றைக்குத்தான் கையுறையும் ரப்பர் பூட்ஸும் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள், கையெழுத்திட்ட தாளைத்தான் சவரியம்மாள் நீட்டுகிறாள், ஜெயித்ததால்தான் சிரிக்கிறாள். இது எனக்கு எப்படி மறந்தது? மேலே எழுதியதைப் படித்துப் பார்க்கிறேன், 1976-க்கு அடுத்தது 1987. நடுவில் ஒன்றும் இல்லை. அநியாயப் பட்டியலில் ஜெயித்த நாளுக்கு இடம் கிடையாது. வருடா வருடம் இந்தப் பட்டியலையே சொல்லிச் சொல்லி, சொல்லாதது எல்லாம் போய்விட்டது போலிருக்கிறது. சரி, அது போகட்டும், கிளாஸ். அந்த டீயை நான் குடித்தேனா? நாற்பது வருடமாக மேடையில் சொல்லி வந்திருக்கிறேன், முதலாளி வீட்டுத் தண்ணீரைக்கூட இந்த நாக்கு தொட்டதில்லை என்று. அதைச் சொன்னால் கைதட்டுவார்கள். அது நானே செய்த பொய்யா, நம்பிச் சொன்னதா? யாருக்காகவாவது வாங்கிக் கொடுக்கப் பிடித்திருந்தேனா? சும்மா மரியாதைக்கு வாங்கி மேசையில் வைக்கப் போகும்போது படம் எடுத்துவிட்டார்களா? சிரிக்கிறேனே. குடிக்காதவன் அப்படிச் சிரிப்பானா? நாக்கைச் சப்பிப் பார்க்கிறேன், நாற்பத்து மூன்று வருடத்துக்கு முந்தைய டீ அங்கே இருக்கிறதா என்று. சவரியம்மாளை டீ வாங்கிக் குடித்தவள் என்று எழுதினேன். அவள் கையில் தாள்தான் இருக்கிறது. கிளாஸ் என் கையில். நான் வெட்டிய ஓரத்தில் நான்தான் நின்றிருக்கிறேன்.

சுகந்தி யாரிடமும் சொல்ல மாட்டாள். குழுவில் பழைய படங்களை யாரும் திரும்பப் போய்த் தொட்டுப் பார்ப்பதில்லை, மேலே புதிது விழுந்துகொண்டே இருக்கிறது. ஒரு வழி இருக்கிறது. எண்பத்தேழைத் தனியாக இலியாஸிடம் சொல்லிச் சேர்த்துக்கொள்ளலாம், தவறான தகவல் என்று. யார் தவறு என்று சொல்ல வேண்டியதில்லை. தகவல் தானாகத் தவறாகிக்கொண்டது. ஆனால் வாசல் வாசிப்பு என்று ஒன்று இருக்கிறதே, அதை ஏற்படுத்தியவனே நான். சங்கத்தில் ஒருவர்மேல் ஒருவர் பொய் எழுதினால், பொய் என்று தெரிந்த பிறகு, எழுதியவர் வாசலில் நின்று, பாதிக்கப்பட்டவர் முன்னால், மூன்று சாட்சிகள் கேட்க, எழுதியதை வாபஸ் வாங்கி, தன் டோக்கன் நம்பரையும் தகப்பன் பெயரையும் தன் பெயரையும் சத்தமாக வாசிக்க வேண்டும். 1983-இல் பாக்கியநாதன் என்று ஒருவன், டிரம் பிரிவு, கூட வேலை பார்த்தவனைக் கருங்காலி என்று கக்கூஸ் சுவரில் கரியால் எழுதிவிட்டான். நான்தான் நிறுத்தினேன். "பேரச் சொல்ல மட்டும் வேண்டாண்ணே, மத்ததெல்லாம் சொல்றேன்" என்று கெஞ்சினான். "பேருதாண்டா முக்கியம்" என்றேன். கால் சட்டை நடுங்க நின்று வாசித்தான். அந்த மாதமே திருப்பூருக்குப் போய்விட்டான். நான் செய்தது நியாயம் என்றே இருந்தேன். கக்கூஸ் சுவரை நாற்பது பேர் பார்த்திருப்பார்கள். என் சுவரை எத்தனை பேர்? பாக்கியநாதனாவது அழித்துவிட்டு வந்து நின்றான், ஈரத் துணியோடு. எழுதத் தெரியாதவன் வேறு, கருங்காலிக்குக் கால் போடாமல் விட்டிருந்தான். சிரித்தோம். அவன் தகப்பன் பெயர் என்ன? ஞாபகம் இல்லை. வாசித்தானே, நான் கேட்டேனே.

படியில் செருப்புச் சத்தம். இலியாஸ் நூல் கயிறு வாங்கியிருக்கிறான். பின்னால் ஒவ்வொருவராக வருகிறார்கள், இருபது பேர் இருக்கும், பாதிப் பேர் செத்தவர்களின் பிள்ளைகள், உட்கார்ந்த உடனே பாதிப் பேர் போனை எடுத்துக்கொள்கிறார்கள், குனிந்த தலைகள், நானும் இப்படித்தான் தெரிவேன் போலிருக்கிறது. கடைசியில் ஜெசிந்தா. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு சவரியம்மாள். வருவாள் என்று நான் நினைக்கவில்லை. பொய் சொல்கிறேன், நினைத்தேன், வரக்கூடாது என்று நினைத்தேன். யாரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. கதவோரமாக நின்றாள், மஞ்சள் துணிப்பையை மடித்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. எழுபத்தைந்து வயது. என்னைவிட மூன்று வயது மூத்தவள். இலியாஸ் மணியைப் பார்த்துத் தலையசைக்கிறான். தாளை எடுக்கிறேன். டோக்கன் நாலு, ஜெபமாலை. டோக்கன் ஒன்பது, அப்துல் காதர். குரல் நன்றாகத்தான் வருகிறது. டோக்கன் இருபத்திரண்டு. முப்பத்தொன்று. எழுபது. டோக்கன் எண்பத்தொன்று, காளிமுத்து. அடுத்த வரியில் தொண்ணூறு என்று இருக்கிறது. கதவோரத்தில் துணிப்பையைப் பிடித்த விரல்கள் இறுகுகின்றன, அவளுக்குத் தன் இடம் தெரியும், முப்பத்தேழு வருடமாகக் கேட்டது. தொண்ணூறு என்று என் வாய் குவிகிறது. குவிந்து அப்படியே நிற்கிறது. யாரோ இருமுகிறார்கள். கை சட்டைப் பைக்குப் போகிறது.

"இலியாசு, பீரோவத் தொற."

"அண்ணே, பாதியில என்னத்துக்கு?"

"தொறய்யா."

போன் சில்லென்று இருக்கிறது. விரலை ஏற்காது, எண்ணைப் போடுகிறேன், ஒன்று ஒன்பது எட்டு ஏழு. நாலு சதுரம். மூன்றாவதைத் தொடுகிறேன். விரிகிறது, கறுப்பு வெள்ளையில். முன்வரிசையில் இருந்த காளிமுத்துவின் மகன் கையில் கொடுக்கிறேன். "பாத்துட்டுக் குடு. எல்லாரும் பாருங்க. நான் அனுப்புனது நடுத்துண்டு. இது முழுசு. அந்தத் தாளு கையுற ஒப்பந்தம். வருசம் செவத்துல இருக்கு." போன் கைமாறிக் கைமாறிப் போகிறது. முணுமுணுப்பு. பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "இந்த ஓரத்துல நிக்கிறது யாரு, நம்ம சந்தியாகு அண்ணனா? கையில என்னண்ணே, கிளாசா?" யாரோ சிரித்து அடக்குகிறார்கள். டீயா என்று கேட்டால் தெரியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும், உண்மையிலேயே தெரியவில்லை, இதையும் சாட்சி முன்னால் எப்படிச் சொல்வது, குடித்திருக்கலாம் என்றா? போன் கதவோரம் போய்ச் சேருகிறது. ஜெசிந்தா அம்மாவின் கண்ணுக்கு நேராகப் பிடிக்கிறாள். சவரியம்மாள் வெகுநேரம் பார்க்கிறாள். கையுறைகளைத்தான் பார்க்கிறாள் என்று நினைக்கிறேன்.

"டீதான்" என்கிறாள். "ரெண்டு கிளாசு குடிச்ச. மொதக் கிளாசுல சக்கர பத்தலன்னு சொல்லி மொதலாளி வீட்டு ஆளயே திரும்ப அனுப்புன. நாங்க வெளிய வந்து சிரிச்சோம், போராட்டம்னா இப்படில்ல பண்ணணும்னு." மூச்சு வாங்கிக்கொள்கிறாள். "அத மறந்துட்டு என்னய எழுதிட்டியே சந்தியாகு."

அறை முழுக்கச் சிரிப்பு எழுந்து, அவளுடைய கடைசி வார்த்தையில் நின்றுபோகிறது. சர்க்கரை. ஆமாம். இப்போது நாக்கில் வருகிறது, சர்க்கரை அடியில் கரையாமல் கிடந்தது, இரண்டாவது கிளாஸில். அல்லது அவள் சொன்னதால் வருகிறதா? தெரியவில்லை. இனி தெரியாது. மூன்று நான்கு பேர் போனை உயர்த்தி என்னைப் படம் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். இலியாஸ் கையைக் காட்டி நிறுத்தச் சொல்கிறான்.

"எடுக்கட்டும்" என்கிறேன். "ஆனா மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் எடுங்க. நடுவுல வெட்டாதீங்க. அந்தப் பதினோரு குழுவுக்கும் போகணும்." நான் நடந்து கதவுக்குப் போகிறேன், வாசல் வாசிப்பு வாசலில்தான் நடக்க வேண்டும், சவரியம்மாளுக்கு எதிரே நிற்கிறேன். "சாட்சி மூணு பேர் வேணும்." இலியாஸ் எழுந்திருக்கிறான். காளிமுத்துவின் மகன் எழுந்திருக்கிறான். மூன்றாவதாக யாரும் எழவில்லை. பிறகு ஜெசிந்தா, "நான் இருக்கேன்" என்கிறாள். நான் எழுதிக்கொண்டிருந்த தாளைப் பிரிக்கிறேன். கையெழுத்து கோணல்மாணலாக இருக்கிறது.

"டோக்கன் எண்பத்தேழு, சவரியம்மாள். வேலையிலிருந்து நீக்கப்பட்ட நாற்பத்து மூன்று பேரில் ஒருவர். ஏழாவது, இந்த வருடம், பிப்ரவரி இருபத்தேழு, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டே கால் மணி. இவர் கருங்காலி என்று பதினோரு குழுக்களுக்கு அனுப்பப்பட்டது பொய். பட்டியல் கொடுத்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. கேட்டபோது நான் அனுப்பவில்லை என்று சொன்னதும் பொய். முதலாளி வீட்டுத் தண்ணீரைத் தொட்டதில்லை என்று மேடையில் சொன்னதும் பொய். செய்தவர்."

பாக்கியநாதன் இந்த இடத்தில்தான் என் முகத்தைப் பார்த்தான். நான் சவரியம்மாளின் முகத்தைப் பார்க்கிறேன். அவள் எனக்கு உதவவில்லை. காத்திருக்கிறாள்.

"டோக்கன் நூற்றுப் பன்னிரண்டு. சூசை மகன் சந்தியாகு."